மடிக்கிற போனும் சிவப்புத் துணியும்

போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நான் என் போனை எடுத்து, மூடியைத் திறந்து, காதில் வைத்தபோது நீங்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். கண்டேன். "லொறி மூண்டு வச்சிருக்கிற மனிசிக்கு ஒரு நல்ல போன் வாங்க ஏலாதாமே" என்று ஒருத்தி சொன்னதும் கேட்டது. எனக்கு எழுபத்தொரு வயது. காது இன்னும் மங்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். வாசலில் நின்று சொன்னால் பாதியில் யாராவது மருமகள் கதைக்குப் போய்விடுவீர்கள். எழுதினால் கடைசி வரை நான் மட்டும்தான் பேசுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழைகளை என்னோடு இருக்கிற சின்ன மகள் திருத்தித் தருவாள். கதையைத் திருத்த விடமாட்டேன். தலையில் கூடை வைத்து வீடு வீடாகக் கருவாடு விற்றவள் இன்று எங்கே நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். சிலாபம் சந்தையில் என் பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர் பெட்டியைத் திறக்கிறார்கள். அப்படிப்பட்டவள் ஒரு சாமானைத் தெரிந்தெடுத்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் போன் ஒரே ஒரு வேலைக்குத்தான். என் தம்பிக்கு அறுபத்து நாலு வயது. வீட்டில் இரு என்றால் கேட்கிறானில்லை. இன்னும் கடலுக்குப் போகிறான். கரைக்கு வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு மணி அடித்து நிறுத்துவான். நான் எடுக்க மாட்டேன். அவன் வந்துவிட்டான் என்பது அதன் அர்த்தம். இதை எழுதத் தொடங்கும்போது காலை ஒன்பதரை. அவன் விடியப்புறம் போனவன். போன் மேசையில் மூடியபடி கிடக்கிறது.

முன்பு என்னிடமும் உங்களைப் போல கண்ணாடிப் பலகை போன்தான் இருந்தது. இத்தாலியில் இருக்கிற பெரிய மகள் கொண்டு வந்து தந்தாள். நல்ல பிள்ளை, நல்ல சாமான். ஆனால் உப்புக் கையால் தொட்டால் அது அசையாது. விரலைக் கழுவி, துடைத்து, காயவைத்து, சாமியறைக்குள் போகிற மாதிரிப் போக வேண்டும். அதையும் பொறுத்தேன். போன திருவிழாக் கொடியேற்றத்தன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து அது கத்திக்கொண்டே இருந்தது. மெழுகுதிரி எரிகிற படம், பூப்போட்ட படம், பாட்டு, வாழ்த்து. அனுப்பியது வேறு யாருமில்லை, நீங்கள்தான். ஒருத்தி பதினொரு பூங்கொத்து அனுப்பியிருந்தாள். அதன் வாயை அடைக்கப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். அது தம்பியின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. அவன் அடித்த அடையாளமும் பூங்கொத்துகளுக்கு அடியில் போய்விட்டது.

மணி பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. அவனுடைய மணி வரவில்லை. மருமகனைக் கடற்கரைக்கு ஓட்டினேன். கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னேன். என் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரோடு வந்துவிட்டாள். கடைசியில் மருமகன் அவனைக் கண்டுபிடித்தது அவனுடைய வீட்டிலேயே. பாண் துண்டை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

"வந்ததும் அடிச்சேனே அக்கா! கேட்டிருப்பீங்க எண்டு நினைச்சேன்."

"நான் உன்னைக் கடல் கொண்டுபோச்செண்டு நினைச்சேனடா, எருமை!"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியேற்றமும் தம்பியும் கேட்காத சத்தமும் எனக்கு அது முதல் தடவை அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் போன்.

சிலாபம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய போன் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடி நிமிர்ந்தார். மடிக்கிற போன் வேண்டும் என்றேன்.

"அது பழைய சாமான் அம்மா. அதில ஒண்டும் இல்ல. படம் பாக்கேலாது, முகம் பாத்துக் கதைக்கேலாது."

"மணி அடிக்குமா?"

"அடிக்கும்."

"எனக்குக் கேக்குமா?"

"ரோட்டுக்கே கேக்கும்."

"அப்ப எடுங்க வெளிய."

மூன்றை எடுத்து வைத்தார். நான் கருவாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி மூக்கில் வைத்தேன். மனிதர் சிரித்தார். "இது கடல் தண்ணிக்க விழுந்தது" என்று முதலாவதைத் தள்ளி வைத்தேன். முதுகைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. இரண்டாவதன் மூடி, செத்த மட்டி மாதிரி வாய் மூடாமல் தொங்கியது. மூன்றாவதைத் திறந்து மூடினேன். டக். நன்றாகக் காய்ந்த கட்டாக் கருவாட்டை உடைக்கும்போது வருகிற சத்தம். இன்னும் நாலு தரம் திறந்து மூடினேன். நாலு தரமும் ஒரே டக். அதைத்தான் வாங்கினேன்.

குணங்களைச் சொல்கிறேன். பொத்தான்கள் பெரியவை, கடலைப்பருப்பு மாதிரி விரலில் தட்டுப்படும். நடுவில் இருக்கிற ஐந்தில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. கண்ணை மூடிக்கொண்டே அடிக்கலாம். உப்புக் கை, ஈரக் கை எல்லாம் அதற்குச் சம்மதம். இரண்டை அமுக்கிப் பிடித்தால் நேரே தம்பிக்குப் போகும். மூடிக்கு வெளியே தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஜன்னல். நேரமும், அடிக்கிற ஆளின் பெயரும் அதில் தெரியும். ஞாயிறு கரண்டில் போட்டால் வியாழன் வரை கிடக்கும். மடியில் கிடக்கும்போது தானாக யாருக்கும் அடித்துத் தொலைக்காது. மிகப் பெரிய குணம், மூடினால் கதை முடிந்தது. மருமகனோடு வாதாடும்போது இதைவிட வசதி வேறில்லை.

குற்றமும் உண்டு, மறைத்து விற்கிற பழக்கம் எனக்கில்லை. தமிழில் செய்தி அனுப்பினால் கட்டம் கட்டமாக வரும். படம் எடுத்தால் கலங்கின தண்ணீருக்குள்ளே பார்க்கிற மாதிரி. அதன் சார்ஜர் கடைகளில் கிடையாது, திருத்துகிறவரே தேடித் தந்தார். இத்தாலி மகளின் முகம் பார்க்க முடியாது. அதற்காகக் கண்ணாடி போனை அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வெளியே எடுத்து, முகம் பார்த்து, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுகிறேன்.

பத்தரை ஆகிறது. காற்று கொஞ்சம் எழும்பியிருக்கிறது. முற்றத்துத் தென்னை ஒரு பக்கமாகச் சாய்ந்து சத்தம் போடுகிறது.

அந்தச் சத்தம் எனக்கு வாடிக் காலத்தை ஞாபகப்படுத்தும். உங்களில் நாலைந்து பேர் என்னோடு அங்கே இருந்தவர்கள். ஆனால் அந்தக் காலையில் நீங்கள் எல்லாரும் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

ஒன்பது வயது எனக்கு. கடல் அமைதியாகும் மாதங்களில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, சட்டி பானையோடு கற்பிட்டிக்கு அப்பால் இருந்த அந்த மணல் திட்டுக்குப் போய் ஓலைக் குடிசை போட்டு இருப்பார்கள். அதுதான் வாடி. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் அலையில்லாத களப்பு. நடுவில் மணலும் ஈயும் நாங்களும். குடிக்கத் தண்ணீர் கிடையாது. திங்களும் வியாழனும் கற்பிட்டியிலிருந்து ஒரு முஸ்லிம் மனிதர் பீப்பாய்களில் நல்ல தண்ணீர் நிரப்பித் தோணியில் களப்பைக் கடந்து கொண்டுவருவார். நாங்கள் அவரைத் தண்ணீர்க் காக்கா என்போம்; அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். தேங்காய்ச் சிரட்டையால் அளந்து குடித்த தண்ணீர். அந்த இனிப்பு இப்போது குளிர்ப்பெட்டித் தண்ணீரில் இல்லை.

திட்டின் உச்சியில் ஒரு கம்பம் நின்றது. கடலிலிருந்தும் தெரியும், களப்பிலிருந்தும் தெரியும். ஆண்கள் வள்ளத்தில் போன பிறகு கரையில் இருக்கிற பெண்கள் அவர்களோடு கதைக்க அது ஒன்றுதான் வழி. வெள்ளைத் துணி ஏறினால் மீன் வாங்குகிறவர் வந்திருக்கிறார். சிவப்பு ஏறினால் ஆபத்து, வலையை விட்டுவிட்டு வா. சிவப்புத் துணி ஒரு பழைய போர்வைத் துண்டு; ஓரம் எலி கடித்தது. துணி ஏற்றுகிற வேலை எனக்கு. சரசரவென்று கயிறு இழுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அன்று எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேற்றம். வாடியில் இருக்கிறவர்கள் போக முடியாது. பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி, வாடிப் பெண்களுக்கு அவள் சொல்தான் சட்டம். ஊரில் ஏறுகிற நேரத்தில் இங்கேயும் ஒரு கொடி ஏற வேண்டும் என்று அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். வெள்ளைச் சேலைத் துண்டில் சிலுவை தைத்தாள். கயிறு நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னத் துணிகள் கட்டினாள். இருந்தது ஒரே கம்பம். செபம் சொல்லி, பாட்டுப் பாடி, அதிலேயே ஏற்றினார்கள். கயிற்றில் ஒரு துணி கழன்று தொங்கியது.

"ஓடிப் போய் ஊசியும் நூலும் எடுத்து வா" என்றாள் பெரியம்மா.

என் மடியில் தம்பி. இரண்டு வயது. "தம்பியைப் பாக்கோணும் பெரியம்மா."

"அவன் எங்க போகப் போறான், கடலுக்கா? இருத்திட்டு ஓடு!"

குடிசை நிழலில் அவனை இருத்திவிட்டு ஓடினேன். ஊசி தேட நேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது அவன் கையில் கோலிச் சோடாப் போத்தல். விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்த போத்தல். வாயிலிருந்து எண்ணெய் வழிந்து நாடி மினுங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தான், பிறகு இருமினான். இருமல் நிற்கவில்லை. அந்த வாசம் அறுபது வருடமாக என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அம்மா போட்ட கூச்சலில் காகங்கள் எழும்பின. கரையில் ஒரு வள்ளமும் இல்லை. நான் கம்பத்துக்கு ஓடினேன். கொடியை இறக்கிவிட்டுச் சிவப்பை ஏற்றக் கயிற்றை அவிழ்த்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

"இறக்காத! ஏத்தின கொடியத் திருவிழா முடியாம இறக்கக் கூடாது. தோஷம் புள்ளையத்தான் பிடிக்கும். அதுக்குக் கீழ கட்டு!"

கொடிக்குக் கீழே கட்டினேன். சிவப்பு ஏறியது. காற்றில் விரிந்தது. எங்கள் வள்ளங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. பாய்களை எண்ணினேன், ஏழு. ஒன்றும் திரும்பவில்லை. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு கடலுக்குள் இறங்கி நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தத் தூரத்துக்கு எந்தக் குரல் கேட்கும்? தம்பியின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது. உதடு கறுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் பின்னாலே, களப்புப் பக்கத்தில், மணலில் தோணி உரசுகிற சத்தம். தண்ணீர்க் காக்கா. அன்று செவ்வாய், அவருடைய நாள் அல்ல. நாலு வீட்டுக்குப் போக வேண்டிய தண்ணீரோடு வேறு திட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"ஆருக்கு என்ன புள்ள?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். தம்பியைப் பார்த்தார், போத்தலை முகர்ந்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தோணிக்குத் திரும்பி, பீப்பாய் அடைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தண்ணீரை மணலில் கவிழ்த்தார். தோணி இலேசானால்தான் கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு வேகமாகப் போகும். சிரட்டையால் அளந்த தண்ணீர் ஆறு மாதிரி ஓடி மணலுக்குள் மறைந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாவும் தம்பியும் ஏறினார்கள். நானும் ஏறப் போனேன்.

"நீ இரி புள்ள. ஆள் கூடினா தோணி பிந்தும்."

"தம்பி செத்துப்போவானா காக்கா?"

அவர் பாயைக் கட்டிக்கொண்டே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நாளைக்கு வருவேன். நீ இந்த மேட்டுல நில்லு. தூரத்துல வெச்சே பாய ஒருக்கா இறக்கி ஏத்துவேன். கண்டா, தம்பிக்குச் சொகம்."

"இறக்காட்டி?"

"இறக்காட்டி நான் கிட்ட வந்து கதைப்பேன்."

பின்னேரம் வள்ளங்கள் வந்தன. அந்தப் பருவத்திலேயே பெரிய மீன்பாடு. பாரை மீன் வள்ளம் நிறைய. அப்பா பாடிக்கொண்டே இறங்கினார். "அண்ணி, இந்த முறை கொடி நல்லாத்தான் சோடிச்சிருக்கிறீங்க. கீழ சிவப்பும் தொங்குது. கடலில நிண்டு எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டோம்" என்றார்.

ஏழு வள்ளத்திலும் கண்டிருக்கிறார்கள். கொடியேற்ற நாள் என்று அவர்களுக்குத் தெரியும்; அதனாலேயே சிவப்பைத் திருவிழாவாகப் பார்த்தார்கள். முழந்தாளில் நின்று செபம் சொல்லிவிட்டு வலையை இழுத்திருக்கிறார்கள்.

நடந்ததைக் கேட்டதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "தனியா ஏத்தத் தெரியாதா உனக்கு?" கன்னத்தில் விழுந்தது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா மணலைப் பார்த்தாள். அப்பா அப்படியே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு கற்பிட்டிக்கு ஓடினார்.

அன்றிலிருந்து வாடியை விட்டு வரும் வரை பெரியம்மா என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் பெரிய மீன் துண்டை வைத்தாள். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை, மீனைத் தின்றேன். அது அவள் கேட்ட மன்னிப்பு என்று அவளை அடக்கம் செய்து பல வருடம் போன பிறகு, ஒருநாள் மீன் வெட்டும்போதுதான் விளங்கியது. அவளும் ஒரு நல்ல காரியம் என்று நினைத்துத்தான் கொடியை இறக்க விடவில்லை. அப்பாவும் பயத்தில்தான் அடித்தார். இதையெல்லாம் ஒன்பது வயதில் யார் சொல்லித் தருகிறார்கள்?

அடுத்த நாள் வெளிச்சம் வந்ததிலிருந்து மேட்டில் நின்றேன். வெயில் ஏறியது. மணல் காலைச் சுட்டது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். மத்தியானம் களப்பில் ஒரு பாய் தெரிந்தது. அரக்கு நிறத்தில் ஒட்டுப் போட்ட பாய், அவருடையதுதான். வந்துகொண்டே இருந்தது. இறங்கவில்லை. இன்னும் கிட்ட வந்தது. இறங்கவில்லை. இனி அவர் வந்து கதைக்கப் போகிறார் என்று காதிரண்டையும் பொத்திக்கொண்டேன். அப்போது பாய் இறங்கியது. இறங்கினது ஏறவில்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்தேன், இரண்டாவதைத் தொடங்கினேன். பிறகு ஏறியது, சடாரென்று, காற்றை வாங்கிக்கொண்டு.

மேட்டிலிருந்து உருண்டே இறங்கினேன்.

"கயிறு சிக்கிட்டுது புள்ள" என்றார் அவர், தோணியை இழுத்து வைத்துக்கொண்டு. "பயந்திட்டியா? தம்பி பால் குடிச்சான். உங்கட உம்மாவும் சிரிச்சா."

"இண்டைக்கு... நேத்து உங்கட நாள் இல்லையே காக்கா. எப்படி வந்தீங்க?"

"செவப்பு ஏறி இரிந்திச்சே."

"அதை எங்கட ஆக்கள் கொடியெண்டு நினைச்சிட்டாங்க."

"உங்கட கொடியெல்லாம் எனக்கென்ன தெரியும்? செவப்பு ஏறினா ஓடி வரணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இப்போது சொல்லுங்கள், கோயில் வாசலில் சிரித்தவர்களே. அன்று எல்லாம் தெரிந்த ஏழு வள்ளம் கும்பிட்டுவிட்டுப் போனது. ஒன்று மட்டும் தெரிந்த தோணி வந்தது. உங்கள் போனுக்கு எல்லாம் தெரியும். பூங்கொத்தும் தெரியும், பாட்டும் தெரியும், கொடியும் தெரியும். என் போனுக்குத் தம்பியை மட்டும்தான் தெரியும்.

இந்தக் கதையை அவன் சின்ன வயதிலேயே என்னிடம் நூறு தரம் கேட்டிருக்கிறான். தனக்கென்று வள்ளம் வந்த பிறகு, கரைக்கு வரும்போது என் வீட்டு நேரே பாயை ஒருக்கா இறக்கி ஏற்றுவான். பிறகு எஞ்சின் வந்தது, பாய் போனது. போன் வந்ததும் ஒரு மணி அடிக்கத் தொடங்கினான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான்.

பதினொன்றே முக்கால். பதினொன்றுக்கு முன்னால் அடித்திருக்க வேண்டும். தென்னை இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது. போனை ஒரு தரம் திறந்து பார்த்தேன், உயிரோடுதான் இருக்கிறது. இரண்டை அமுக்கிப் பிடித்தால் அவனுக்குப் போகும். கடலில் அவன் கையில் கயிறு இருக்கும், அதனால் அமுக்குவதில்லை. மேட்டில் நிற்கிறவள் நிற்கத்தான் வேண்டும்.

மருமகன் எட்டிப் பார்த்தார். "மாமி, கடற்கரைப் பக்கம் போய்ப் பாத்திட்டு வரவா?"

"வேணாம். இருங்க."

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். மேசை அதிர்ந்தது. தீப்பெட்டி அகல ஜன்னலில் வெளிச்சம். ரோட்டுக்கே கேட்கிற மணி, ஒரு தரம். நின்றது. மருமகன் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

மூடியைத் திறந்தேன், மூடினேன். டக்.

இனிச் சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நான் அடுப்படிக்குப் போகிறேன். இன்று அவனுக்குப் பசி கூடுதலாக இருக்கும். பெரிய துண்டாகப் பார்த்துப் பொரிக்க வேண்டும்.